சொன்னவர் பெயர் இல்லாத வரி

பிளென்ஸ்பூர்க்
04.10.2007, வியாழன்

அன்புள்ள பேர்பெச்சுவா,

உறுதியான செய்தி: அக்கரையில், டென்மார்க் பக்கக் காட்டுக்குள் நேற்றுக் கண்டெடுத்த கூடாரம் எங்கள் ஜெசிந்தனுடையது. சொன்னவர்: டென்மார்க் பொலிஸ் அதிகாரி ஒருவர், இங்குள்ள நிலையத்தில் வைத்து, எனக்கு நேரே. உள்ளே இருந்த நீலத் துவாயை நானே அடையாளம் காட்டினேன். மூலையில் அவனுடைய பெயரின் முதலெழுத்தை நீர் சிவப்பு நூலால் தைத்திருந்தீர்.

இதை வாசித்ததும் நீர் என்ன சொல்லுவீர் என்று தெரியும். பிள்ளையைக் காணவில்லை, இந்த மனிசன் செய்தி வாசிக்குது என்பீர். மன்னாரில் நிருபராக இருந்த காலத்தில் இப்படித்தான் எழுதிப் பழகினேன்: உறுதியானது முதலில், சொன்னவர் யார் என்பது அடுத்து, தெரியாதது கடைசியில். இப்போது டோர்ட்மண்ட் அச்சகத்தில் பேப்பர் கட்டுகிறவனாக இருந்தாலும் கை மாறவில்லை. வேறு விதமாக எழுதத் தொடங்கினால் எங்கே போய் நிற்பேன் என்று பயமாக இருக்கிறது.

நாங்கள் இருவரும் போனில் கதைக்கக் கூடாது, கடிதம்தான் எழுத வேண்டும் என்று பிரிந்த நேரத்தில் மகள் டெல்சி போட்ட சட்டத்தை இப்போதும் மதிக்கிறேன். அவசரமானதைக் கார்ஹிங்கிலிருந்து அவள் உமக்குச் சொல்லுவாள். விபரத்தை நான் எழுதுவேன்.

இதுவரை தெரிந்தவை. வெள்ளிக்கிழமை காலை அவன் குளுக்ஸ்பூர்க்கில் ஒரு சிறு கயாக் படகை வாடகைக்கு எடுத்திருக்கிறான். இங்கே கடல் ஒரு நீண்ட விரல்போல நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது. பியோர்ட் என்கிறார்கள். இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை டென்மார்க். எல்லை நடுத் தண்ணீரில் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. அவன் அக்கரைக்குப் போய்க் கூடாரம் அடித்து, காட்டு வழியே நடந்திருக்கிறான். ஞாயிறு காலை வடக்குக் காற்று பலமாக வீசியது. மத்தியானம், கயாக் வெறுமையாக இக்கரைப் பக்கம், ஹோல்னிஸ் முனைக்குக் கிட்ட மிதந்ததைப் பாய்ப்படகுக்காரர் ஒருவர் கண்டார். செம்மஞ்சள் மிதவைச் சட்டையும் அவனும் இல்லை. அதற்குப் பிறகுதான் பொலிஸ் உமக்கு போன் எடுத்தது.

மீட்புப் படகின் தலைவரிடம் கேட்டேன். மிதவைச் சட்டை போட்ட ஒரு பலசாலி, இந்த மாதத்துத் தண்ணீரில் சில மணித்தியாலம் தாக்குப்பிடிப்பான் என்றார்.

கூடாரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஜெர்மன் பாஸ்போட் இருந்தது. புதியது. அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியுமா?

தெரியாதது: அவன் எங்கே என்பது. அக்கரைத் தேடுதல் சனிக்கிழமை மாலை வரை நடக்கும்.

சாப்பிடாமல் வேலைக்குப் போக வேண்டாம்.

சில்வெஸ்டர்


வுப்பர்டால்
08.10.2007

ஜெசிந்தன் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. முதல் வரியை வாசிச்சிட்டு மிச்சத்தைப் பின்னேரம்தான் வாசிச்சன். கூடாரம், துவாய், பாஸ்போட். ஒரு கடைக்காரர் சாமான் எண்ணி வைக்கிற மாதிரி எழுதியிருக்கிறியள். சனிக்கிழமையோட தேடுறதை நிப்பாட்டிட்டினம் எண்டு டெல்சி சொன்னாள். அதையும் இனி ஒரு கடிதத்தில உறுதிப்படுத்துவியள்.

நான் வேலைக்குப் போறன். முதியோர் இல்லத்துக் குசினியில உருளைக்கிழங்கு உரிக்கிறன். வீட்டில இருக்க ஏலாது. பக்கத்து வீட்டு நேசமலர் அக்கா ஒவ்வொரு நாளும் சோறு கொண்டுவந்து வைச்சிட்டு, செத்தவீட்டில மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருக்கிறா. "அக்கா, என்ர பிள்ளை இன்னும் சாகேல்லை, நீங்கள் வேணுமெண்டால் உங்கட வீட்டில போய் அழுங்கோ" எண்டன். கோவிக்கேல்லை. அடுத்த நாள் புட்டு கொண்டுவந்தா.

பாஸ்போட் எனக்குத் தெரியும். எனக்குத்தான் முதலில காட்டினவன். போன மாதம், குசினிக்குள்ள நான் மிளகாய்த் தூள் வறுத்துக்கொண்டு நிக்கேக்க வந்தான். "அம்மா, கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ. அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு, பிறகு ரெண்டையும் ஒண்டாய்ப் போத்தலில அடைச்சிடுவியள்" எண்டான். அப்பாவுக்குச் சொல்லன் எண்டன். "போய்ட்டு வந்து சொல்லுறன். அந்தாள் எத்தினையாம் பக்கம் எண்டெல்லாம் கேக்கும்" எண்டான். எங்க போறாய் எண்டு கேட்டன். அப்பதான் இந்த இடத்தைச் சொன்னவன்.

உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. ஆறாம் வகுப்பில பள்ளிக்கூடத்தால இதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. எங்களுக்கு அப்ப டுல்டுங் மட்டும். நாட்டை விட்டுப் போகாமல் இருக்கலாம், ஆனால் எங்கயும் போகக்கூடாது எண்டுற அந்தக் கடதாசி. அங்க ஒரு சின்ன மரப்பாலம். பிள்ளையள் எல்லாரும் பாலத்தால டென்மார்க்குக்குப் போய் சொசேச் சாப்பிட்டவை. இவன் ஒரு ரீச்சரோட இந்தப் பக்கத்துப் புல்லில இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன். வீட்டை வந்து சொன்னான், "அம்மா, அந்தப் பக்கமும் புல்லுத்தான்." அதுக்குப் பிறகு அதைப்பற்றிக் கதைச்சதே இல்லை. இப்ப பாஸ்போட் கையில வந்தவுடன பாலத்தாலயும் போகேல்லை. தண்ணியால போயிருக்கிறான்.

பொலிஸ் எனக்கு எடுத்தது ஞாயிறு பின்னேரம் நாலு மணி. ஆம்பிளைக் குரல். பேர் கேட்டது, நீந்தத் தெரியுமோ எண்டு கேட்டது. பிறகு, "உங்கள் மகன் டென்மார்க் பக்கம் போயிருப்பாரா?" எண்டு கேட்டது. "நைன், நைன், இல்லை, அவன் எல்லை தாண்டமாட்டான்" எண்டு சொன்னன். வாய் தன்பாட்டில சொல்லிச்சுது. எங்க போறான் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு சொன்னனான்.

அவங்கள் ஏன் அதைக் கேட்டவை? நான் சொன்னதுக்கும் தேடினதுக்கும் தொடர்பிருக்கோ? அதை எழுதுங்கோ.

பங்குச் சுவாமி சொன்னார், நவம்பர் ரெண்டாம் திகதி ஆத்துமாக்கள் பூசையில செத்தவையின்ர பேர் வாசிக்கிற பட்டியல் எடுக்கினமாம். என்னைப் பாத்துப்போட்டுப் பாக்காத மாதிரித் திரும்பினார்.

பேர்பெச்சுவா


பிளென்ஸ்பூர்க்
14.10.2007, ஞாயிறு

அன்புள்ள பேர்பெச்சுவா,

உறுதியான செய்தி: அவன் அக்கரையில் இறங்கியது வெள்ளிக்கிழமை மத்தியானம். சொன்னவர்: அங்கே கடற்கரையில் சொசேச் கடை வைத்திருக்கும் பெண். ஈரக் காற்சட்டையோடு வந்து இரண்டு வாங்கினானாம். ஒன்றை நின்றபடி சாப்பிட்டான், மற்றதைப் புல்லில் இருந்து சாப்பிட்டான். இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றாள். நீர் எழுதிய பள்ளிக்கூடக் கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் தானாகச் சொன்னாள்.

அந்தக் கதை எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில்தான் இருந்திருக்கிறேன்.

கயாக் கொடுத்தது அவற்றை வாடகைக்கு விடுகிறவரின் மருமகள். ஞாயிறு அவள் ஹம்பூர்க்கில், திங்கள்தான் வந்தாள். "அக்கரையில் எங்கே கால் வைக்கலாம் என்று கேட்டார். பத்து இடம் காட்டினேன். பத்தும் நல்லது என்று சிரித்தார்" என்றாள். அதற்குப் பிறகுதான் தேடுதல் அந்தப் பக்கம் போனது. ஞாயிறு வெளிச்சம் இருக்கும்வரை இக்கரையில் தேடினார்கள். கயாக் கிடைத்தது இக்கரையில், அதனால்.

அக்கரை நெடுகிலும் ஒரு நடைபாதை இருக்கிறது. பழைய காலத்தில் எல்லைக் காவலர்கள் ரோந்து நடந்த பாதையாம். இப்போது முதுகில் பையோடு உல்லாசமாக நடக்கிறார்கள். இடது பக்கம் பீச் மரக்காடு, வலது பக்கம் தண்ணீர். காட்சி அழகு என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். உண்மைதான். இலைகள் பழுத்து, தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கிறது. காற்றில்லாத நாளில் இக்கரையில் கதவு சாத்துகிற சத்தம்கூட அக்கரையில் கேட்கும். இவ்வளவு கிட்ட.

அந்தப் பாதையில் தினமும் நடக்கிறேன். சொண்டர்போர்க்கில் இருக்கும் யோகலிங்கம் என்பவர் கூட வருகிறார். தீவுப்பகுதி ஆள், இருபது வருசமாக டென்மார்க், எனக்கு டேனிஷ் மொழிபெயர்த்துத் தருகிறார். வாய் ஓயாது. "சில்வெஸ்டர் அண்ணை, நீங்கள் ஒரு மரத்தைக் கண்டாலும் அதின்ர வயசு, அதை வைச்ச ஆள் எல்லாம் கேக்கிறியள். டேன்காரன் உங்களைக் கண்டால் கதவைப் பூட்டப்போறான்" என்றார். நல்ல மனிசன். வேலையை விட்டுவிட்டு வருகிறார், ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

உறுதிப்படுத்தாத ஒன்றையும் எழுதுகிறேன். என் வழக்கம் இல்லை. யோகலிங்கம் வராத நாளில், பாதையில் எனக்கு முன்னால் ஒருவன் போகிறான். செம்மஞ்சள் சட்டை. வளைவில் தெரிகிறான், நான் வளைவுக்கு வர அடுத்த வளைவில் தெரிகிறான். நான் நின்றால் அவனும் நிற்கிறான். கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கூப்பிட்டு, அவன் திரும்பும்போது வேறொரு முகமாக இருந்தால் என்ன செய்வது? இதைச் சொல்ல வேறு சாட்சி இல்லை. யோகலிங்கம் வரும் நாளில் அவன் வருவதில்லை.

இன்னும் ஒன்று. அந்தப் பக்கம் நாயோடு நடக்கும் பெண்மணி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை எதையோ கண்டதாக யோகலிங்கத்தின் கூட்டாளி மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். மகளைப் பார்க்க வெளியூர் போய்விட்டு இப்போதுதான் வந்தவராம். செவ்வாய் பின்னேரம் சந்திக்கிறோம். அதற்குப் பிறகு எழுதுவேன்.

சில்வெஸ்டர்


வுப்பர்டால்
19.10.2007

ஜெசிந்தன் அப்பாவுக்கு,

அந்தச் செம்மஞ்சள் சட்டைக்காரனைக் கூப்பிடுங்கோ. உங்களுக்குப் பயமெண்டால் நான் வந்து கூப்பிடுறன்.

நான் கேட்டதுக்கு நீங்கள் பதில் எழுதேல்லை. கயாக் கிடைச்சது இக்கரையில, அதனால் எண்டு எழுதி அந்த வரியை அந்தரத்தில விட்டிருக்கிறியள். வாசிக்கிறவள் முட்டாள் எண்டு நினைச்சோ?

அவன்ர கைத்தொலைபேசிக்கு ஒவ்வொரு நாளும் எடுக்கிறன். அணைச்சுக் கிடக்கு. அவன்ர குரல் வருது, "இங்கே ஜெசிந்தன், நான் வெளியில நிக்கிறன், செய்தியைச் சொல்லுங்க" எண்டு ஜெர்மன்ல. முதல் கிழமை நான் செய்தி சொன்னன். இப்ப ஒண்டும் சொல்லுறேல்லை. மூச்சுவிட்டுப்போட்டு வைக்கிறன்.

இன்னொண்டு. டெல்சிக்குச் சொல்லாதேங்கோ, அவள் என்னை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போவாள். எங்கட இல்லத்தில ஃபிரவ் கெஸ்லர் எண்டு ஒரு மனிசி. ஆரையும் அடையாளம் தெரியாது. செவ்வாய்க்கிழமை நான் சூப் கொண்டுபோய் வைக்க, என்ர கையைப் பிடிச்சா. "உன்ர பையன் கதவடியில நனைஞ்சுபோய் நிக்கிறான், ஒரு துவாய் குடன்" எண்டா. வேலையிடத்தில நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, என்ர பிள்ளையைக் காணேல்லை எண்டு. நேர்ஸ் வந்து, "பயப்படாதேங்கோ, மழை பெய்தால் எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுவா" எண்டு சிரிச்சாள்.

அண்டைக்கு மழையில்லை.

நான் எட்டிப் பார்த்தனான். கதவடியில ஒருத்தருமில்லை. ஆனாலும் ஒரு துவாயை எடுத்துக் கைப்பிடியில தொங்கவிட்டுப்போட்டு வந்தன். சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ.

நாயோட நடக்கிற அம்மா என்ன சொன்னவ? செவ்வாய் போய் மூண்டு நாளாச்சு. கடிதம் வரேல்லை.

பேர்பெச்சுவா


பிளென்ஸ்பூர்க்
24.10.2007

அன்புள்ள பேர்பெச்சுவா,

உறுதியான செய்தி: கயாக் கவிழ்ந்த கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். அவன் கஷ்டப்படவில்லை. பொலிஸ் உமக்கு போன் எடுத்த நேரத்தில் எந்தப் பக்கம் தேடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நீர் சொன்ன பதிலால் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளும்.

நாயோடு நடக்கும் பெண்மணியைச் சந்தித்தேன். புதிதாக ஒன்றும் இல்லை.

சுவாமியிடம் பெயர் கொடுக்க விரும்பினால் கொடும். நான் தடுக்கமாட்டேன்.

குளிர் தொடங்கிவிட்டது. இங்கே அறை கொடுத்த பழைய கப்பல்காரர் எனக்குக் கம்பளிச் சட்டை ஒன்று தந்திருக்கிறார். உமது முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசும்.

சில்வெஸ்டர்


பிளென்ஸ்பூர்க்
06.11.2007, செவ்வாய்

அன்புள்ள பேர்பெச்சுவா,

உறுதியான செய்தி: நேற்றுக் காலை டென்மார்க் மீன்பிடிப் படகு ஒன்றின் வலையில், பியோர்ட்டின் வாய்ப்பக்கத்தில், ஓர் ஆணின் உடல் வந்திருக்கிறது. சொன்னவர்: முன்பு சொன்ன அதே டென்மார்க் பொலிஸ் அதிகாரி. யாருடைய உடல் என்பது உறுதியில்லை. முகத்தைக் கொண்டு சொல்ல ஏலாது என்றார். காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பது வருசத்தில் பார்க்கிறேன் என்று கேட்காமல் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை.

நேற்றே டெல்சி உமக்குச் சொல்லியிருப்பாள். என் வாய்க்குள் பஞ்சு வைத்து எடுத்தார்கள். உம்மிடம் வுப்பர்டாலில் எடுப்பார்கள். இரண்டையும் அந்த உடலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முடிவு அடுத்த திங்கள், 12ஆம் திகதி வரும்.

இரண்டு கிழமையாக உம்மிடமிருந்து கடிதம் இல்லை. நீர் ஏசி எழுதினாலும் பரவாயில்லை. தபால்காரர் வரும் நேரம் கப்பல்காரர் ஜன்னலடியில் எனக்காக நிற்கிறார்.

முன்னர் எழுதிய செம்மஞ்சள் சட்டைக்காரன் இப்போது முன்னால் போவதில்லை. பின்னால் வருகிறான். போன கடிதத்தைத் தபாலில் போட்ட நாளிலிருந்து அப்படி. காலடிச் சத்தம் வெறுங்கால் சத்தம். இதையும் உறுதியில்லாதவற்றில் சேர்த்துக்கொள்ளும்.

சில்வெஸ்டர்


வுப்பர்டால்
08.11.2007

ஜெசிந்தன் அப்பாவுக்கு,

உறுதியான செய்தி: எங்கட பிள்ளை அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐஞ்சு மணிக்கு அக்கரையில உயிரோட நடந்தவன். சொன்னவர்: நாயோட நடக்கிற அம்மா. கேட்டுச் சொன்னவர்: யோகலிங்கம் அண்ணை, அந்த அம்மாவைப் பக்கத்தில இருத்திக்கொண்டு, நேற்று, போனில, என்னட்ட.

உங்கட மாதிரி எழுதியிருக்கிறன். சரியோ?

உங்கட இருபத்தினாலாம் திகதிக் கடிதத்தை ரெண்டு கிழமையாய் மேசையில வைச்சு வாசிச்சன். உறுதியான செய்தி எண்டு தொடங்குது. சொன்னவர் ஆர் எண்டு இல்லை. வீட்டில இருந்த காலத்தில, கறிக்கு உப்புக் காணாது எண்டுறதைக்கூட "டெல்சி சொன்னாள்" எண்டு சொல்லுற மனிசன் நீங்கள். முதல் கடிதத்தில மீட்புப் படகுக்காரர் சில மணித்தியாலம் எண்டவர். இதில கொஞ்ச நேரத்துக்குள்ள எண்டு இருக்கு. பிறகு, சொசேச் விக்கிறவள் சொன்னதெண்டு அவன் நிண்டு சாப்பிட்டதையும் இருந்து சாப்பிட்டதையும் எழுதின ஆள், நாயோட நடக்கிறவவை ஒரு வரியில முடிச்சிட்டியள். அந்த நாய் என்ன நிறம் எண்டுகூட இல்லை. அப்பவே எனக்கு விளங்கிட்டுது, அந்த அம்மா என்னவோ சொல்லியிருக்கிறா எண்டு.

விளங்கியும் ரெண்டு கிழமை பேசாமல் இருந்தனான். அந்த வரியை நம்ப விருப்பமாய் இருந்தது. உடம்பு கிடைச்சிட்டுது எண்டு டெல்சி சொன்ன பிறகு இருக்க ஏலேல்லை. அவளிட்ட நம்பர் வாங்கினன். யோகலிங்கம் அண்ணை முதலில மழுப்பினார். "அக்கா, அண்ணை என்னட்டச் சத்தியம் வாங்கினவர்" எண்டார். "சத்தியம் வாங்கினது தகப்பன், கேக்கிறது தாய். நீங்கள் ஆருக்குக் கூடப் பயப்பிடுறியள்?" எண்டன். பிறகு, "உங்களுக்குத்தான் அக்கா" எண்டார். அடுத்த நாள் அந்த அம்மா வீட்டை போய், அங்க இருந்து எனக்கு எடுத்தார்.

நாய் கறுப்பு. உங்களுக்குத் தெரியும், எனக்காக எழுதுறன்.

காட்டுப் பாதையில வந்தானாம். செம்மஞ்சள் சட்டை, தலையெல்லாம் தண்ணி, வெறுங்கால். மெல்ல மெல்ல, தண்ணிப் பக்கம் பாத்துப் பாத்து நடந்தானாம். கடலில குளிச்சிட்டு வாற ஆள் எண்டு நினைச்சாவாம், அந்த ஊர்ச் சனம் குளிரிலயும் குளிக்கும். ஆனாலும் உதடு நீலமாய்க் கிடந்ததைப் பாத்து நிண்டு, ஜெர்மன்ல கேட்டாவாம், "உதவி வேணுமோ? என்ர வீடு கிட்டத்தான்" எண்டு. அவன் சிரிச்சானாம். "இல்லை, இல்லை, ஒண்டுமில்லை, எல்லாம் நல்லாயிருக்கு" எண்டானாம். நாயின்ர தலையைத் தடவிப்போட்டுப் போனானாம். பிறகு கயாக்கைத் தேடித் திரும்பத் தண்ணியில இறங்கினானோ தெரியாது, அவ காணேல்லை.

அதைச் சொல்லேக்க அந்த அம்மா அழுதது எனக்குக் கேட்டது. நான் அழேல்லை. எனக்கு அந்தச் சொல்லு தெரியும். அது என்ர சொல்லு.

மன்னாரில சோதனைச்சாவடி தாண்டேக்கயெல்லாம் அவன்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சொல்லிக் குடுத்தனான், ஆர் என்ன கேட்டாலும் சிரிச்சுக்கொண்டு ஒண்டுமில்லை எண்டு சொல்லு, நிக்காதை, போய்க்கொண்டிரு எண்டு. அப்ப அவனுக்கு ஆறு வயசு. இஞ்ச வந்து வெளிநாட்டார் அலுவலகத்திலயும் அதைத்தான் சொல்லிக் குடுத்தன். வகுப்பு ரீச்சர் என்ன பிரச்சினை எண்டு கேட்டாலும் அதைத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்தில எல்லாரும் பாலத்தால போகேக்கயும் "பரவாயில்லை, நான் இருக்கிறன்" எண்டுதான் சொல்லியிருப்பான். நாலு மணிக்கு ஒரு யூனிபோம்காரன் என்னட்ட உங்கட மகன் அக்கரைக்குப் போயிருப்பானோ எண்டு போனில கேட்டான், நான் இல்லை எண்டன். ஐஞ்சு மணிக்கு ஒரு நல்ல மனிசி அவனிட்ட உதவி வேணுமோ எண்டு கேட்டா, அவன் இல்லை எண்டான். தாயும் பிள்ளையும் ஒரே பதில்.

எங்களை உயிரோட இஞ்ச கொண்டுவந்து சேர்த்ததும் அந்தச் சொல்லுத்தான். அதையும் நான் மறக்கேல்லை.

நீங்கள் பொய் எழுதினதுக்கு எனக்குக் கோவமில்லை. எனக்காக எண்டு நீங்கள் எழுதின ஒரேயொரு வரி அது. அந்தக் கடிதத்தைக் கிழிக்கமாட்டன். ஆனால் இனி அப்பிடி எழுதவேண்டாம். உங்களுக்குப் பின்னால வெறுங்காலோட வாறது ஆர் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் என்னட்ட அவனை மறைச்சால் அவன் உங்களுக்குப் பின்னாலதான் நடப்பான். நான் கேட்டது அவனைப்பற்றி, அதை உங்களுக்குள்ள வைச்சுக்கொண்டு தனிய நடந்தால் எப்பிடி?

என்ர பதிலால எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை எண்டு எழுதினியள். அது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததைக் கடைசியில எழுதுறதுதானே உங்கட முறை. அது அங்கயே கிடக்கட்டும், நான் சுமப்பன்.

ரெண்டாம் திகதிப் பூசையில பேர் குடுக்கேல்லை. சுவாமி வாசலில வந்து, "பேர்பெச்சுவா, எழுதட்டோ?" எண்டார். "இன்னும் உறுதியில்லை சுவாமி" எண்டு உங்கட பாசையில சொன்னன். நேசமலர் அக்கா பக்கத்தில நிண்டவ. முதல் தரமாய் அவ அழேல்லை, என்ர கையைப் பிடிச்சவ.

நேற்று என்ர வாயிலயும் பஞ்சு வைச்சு எடுத்தாங்கள். பொலிஸ்காரப் பெட்டை, டெல்சியின்ர வயசு. "உங்களுக்கு ஏதாவது உதவி தேவையா?" எண்டு கேட்டாள். இல்லை எண்டு வாய்க்கு வந்திட்டுது. நிப்பாட்டிப்போட்டு, "ஓம், ஒரு கிளாஸ் தண்ணி தாங்கோ" எண்டன். தந்தாள். பக்கத்தில இருந்தாள்.

ஞாயிறு விடியக் காலமை ரயிலில வாறன். ஹம்பூர்க்கில மாறி, மத்தியானம் அங்க நிப்பன். மேடையில நில்லுங்கோ. டெல்சியின்ர சட்டம் முடிஞ்சுது எண்டு அவளுக்குச் சொல்லிட்டன். "சண்டை பிடிப்பியள்" எண்டாள். பிடிப்பம் எண்டன். வந்தவுடன அறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். வெளிச்சம் இருக்கேக்க அந்த மரப்பாலத்தால என்னை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்த அம்மா அவனைக் கண்ட இடத்தில நாங்கள் ரெண்டு பேரும் நிப்பம். நான் பேர் சொல்லிக் கூப்பிடுவன். நீங்கள் கூச்சப்பட்டால் தள்ளி நில்லுங்கோ.

துவாய் ஒண்டும் கொண்டுவாறன். ஏன் எண்டு கேளாதேங்கோ.

தெரியாதது: வலையில வந்தது எங்கட பிள்ளையோ எண்டுறது. திங்கள் மத்தியானத்துக்கு முதல் சொல்லுவம் எண்டு டென்மார்க் பொலிஸ் சொல்லியிருக்கு.

பேர்பெச்சுவா